நிர்மலா தொடாத சொம்பு

நிர்மலா என் தம்பி மகள். எங்கள் காலனியில் எட்டாவது வரை படித்த முதல் பெண் அவள்தான். சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை தலைக்கு மேல் வந்து நிற்கிற மாதிரி தெரியும் கிராமம் எங்களுடையது. ஊர் என்று சொன்னால் நிலம் வைத்திருக்கிறவர்கள் இருக்கிற இடம். நாங்கள் இருப்பது காலனி. நடுவில் ஒரு வாய்க்கால், அவ்வளவுதான். நிர்மலாவைப் பற்றி ஒரு பெரிய மனிதர் மேடையில் பேசினார். அச்சடித்துக்கூடக் கொடுத்தார்களாம். அதில் இருப்பது பாதி. விட்ட பாதியைச் சொல்கிறேன். சொல்லும்போது எனக்குக் குமட்டும், பரவாயில்லை.

அவள் உயரமான பெண். நடந்தால் காற்றோடு நடப்பாள். பேச்சும் அப்படியே, பாதி வாய்க்குள்ளேயே போய்விடும், மீதியைச் சிரிப்பாகச் சிந்துவாள். புருஷன் கரும்பு வெட்டப் போகிறவன். அவளுக்குக் கிராம சுகாதாரப் பணி என்று சொற்பச் சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்தது. தோளில் ஒரு துணிப்பை, பை நிறைய உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்கள். வேலை இதுதான்: பேதி கண்ட பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்க வைக்க வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் பேதி வந்த பிள்ளைக்குத் தண்ணீரையே நிறுத்திவிடுவார்கள். உள்ளே ஊற்றினால்தானே வெளியே போகும், வயிறு காயட்டும் என்பார்கள். கோடை முடிந்து முதல் மழை இறங்கினால் மலைத் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வரும். கூடவே பேதியும் வரும். பிள்ளைகள் நாக்கு வறண்டு, கண் குழிந்து, காய்ந்த கீரை மாதிரி கிடப்பார்கள். தாய்க்காரி பக்கத்தில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு, கொடுக்காமல் அழுதுகொண்டிருப்பாள். வருஷா வருஷம் புதைத்தோம்.

ஊருக்குள் முதலில் அவளைக் கூப்பிட்டது லட்சுமியம்மாள் வீட்டில். மரவள்ளித் தோட்டமும் இரண்டு கிணறும் உள்ள வீடு. அவள் மகன் சின்னதுரையின் பிள்ளைக்குப் பேதி. மருமகள் கமலா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாள். நிர்மலா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து போய் மாட்டுக்கொட்டகை ஓரம் நின்றாள். நான் அங்கே சாணி அள்ளிக்கொண்டிருந்தேன், எல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

"அங்கியே நில்லு. எங்க வூட்டுச் சொம்புல கைய வெச்சிடாத. இன்னா செய்யணுமோ வாயால சொல்லு" என்றாள் லட்சுமியம்மாள்.

"சரிங்கம்மா, தொடலைங்க" என்று நிர்மலா இரண்டு கையையும் கட்டிக்கொண்டாள். பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தாள். அதை எடுத்துக்கொண்டார்கள். காகிதத்துக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது.

"கமலாம்மா, காய்ச்சி ஆறின தண்ணி ஒரு சொம்பு எடுங்க. முழுச் சொம்பு. பொட்டலத்த அப்டியே கொட்டிக் கலக்குங்க. இப்ப நாக்குல வெச்சிப் பாருங்க. உங்க கண்ணீர விட உப்பு ஜாஸ்தியா இருக்குதா?"

"என் கண்ணீரு எப்டி இருக்கும்னு எனக்கின்னாடி தெரியும்?"

"அதான் வழியுதே, நக்கிப் பாருங்க."

கமலா அந்த அழுகையிலும் நாக்கை நீட்டிக் கன்னத்தை நக்கினாள். லட்சுமியம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பொட்டலம் தீர்ந்துபோனால் மூன்று விரலால் கிள்ளிய உப்பும் ஒரு பிடி வெல்லமும் போதும் என்று சொல்லி, அதையும் கமலாவையே கலக்க வைத்தாள் நிர்மலா. திருப்பிச் சொல்லச் சொன்னாள். கரண்டி கரண்டியாக விடச் சொன்னாள். வாந்தி எடுத்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி விட வேண்டும், தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது என்றாள். பிள்ளை பிழைத்தது. கமலா பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்த வருஷம் ஊரில் ஒரு பிள்ளையும் பேதியில் சாகவில்லை.

காலனியில் நிர்மலா கையைக் கட்டிக்கொண்டு நிற்பாளா? எங்கள் பிள்ளை, எங்கள் பாத்திரம். நேராக உள்ளே வருவாள், சொம்பை எடுப்பாள், கலப்பாள், பிள்ளையை மடியில் வாங்கி ஊட்டுவாள். எங்களுக்கு அதில் ஒரு பெருமை. நம்ம வீட்டு டாக்டரம்மா என்போம். யாரும் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. அதுதான் அவள் இருக்கிறாளே, கூப்பிட்டால் வந்துவிடுவாளே.

ஒரு நாள் அவள் இல்லை. கல்யாணத்துக்கு நைனார்பாளையம் போயிருந்தாள். பச்சமுத்து பெண்டாட்டி சாலம்மாளின் பெண் குழந்தைக்கு அன்றைக்குப் பேதி வந்துவிட்டது. வீட்டில் பொட்டலம் இருந்தது. சாலம்மாள் அதை ஒரு டம்ளர் தண்ணீரில் முழுக்கக் கொட்டிவிட்டாள். உப்புக் கரித்தது, பிள்ளை குமட்டித் துப்பியது. பயந்துபோய்த் தண்ணீரையே நிறுத்திவிட்டாள். நிர்மலா வந்து சேர்ந்தபோது பச்சமுத்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

அவள் என் வீட்டில் வந்து சுவரில் சாய்ந்தாள். அப்புறம் சொன்னாள்:

"அத்தை, ஊர்ல தொட விடல. அதனால அவங்களே கலக்கிக் கத்துக்கினாங்க. இங்க நானே கலக்கினேன், யாரும் கத்துக்கல. சாலா புள்ள செத்துப் போச்சி."

"இன்னாடி பேசற? அவங்க தள்ளி வெச்சது நல்லதுன்றியா?"

"நல்லதுன்னு சொல்லல. நடந்தது அதான்னு சொல்றேன்."

எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. இன்றைக்கும் முழுசாக இறங்கவில்லை.

மறுவாரத்திலிருந்து காலனியிலும் அவள் பாத்திரத்தைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, நீயே கலக்கு, நீயே ஊட்டு என்றாள். அவ்வளவுதான், காலனி கொதித்துப் போனது. தண்ணீர்க் குழாயடியில் வைத்து எல்லோருக்கும் முன்னால் சாலம்மாள் கேட்டாள்:

"இன்னாடி, ஊர்க்காரிங்க வாசல்ல நின்னு நின்னு அவங்க புத்தி உனக்கும் ஒட்டிக்கிச்சா? எங்க சொம்பத் தொட்டா உன் சம்பளம் கம்மியாயிடுமா?"

"அப்டி இல்ல சாலா..."

"என் புள்ள செத்ததும் எங்க வூடு உனக்குத் தீட்டாயிடுச்சா? போடி!"

பொட்டலத்தை வாய்க்காலில் எறிந்தார்கள். அவள் வருகிறாள் என்றால் கதவைச் சாத்தினார்கள். ஊரில் தொடக் கூடாது, காலனியில் தொடாமல் இருக்கக் கூடாது. அந்தப் பெண் இரண்டுக்கும் நடுவில் வாய்க்கால் மேட்டில் நின்றாள். சாலம்மாளுக்கு மறுபடி நாள் தள்ளிப்போயிருந்தது. அந்தப் பிள்ளைக்குப் பேதி வருவதற்குள் சாலம்மாள் கலக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நிர்மலாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

வழி என் வீட்டில்தான் கிடைத்தது, நாங்கள் தேடாமலே. கேழ்வரகுக் களியும் கருவாடும் போட்டிருந்தேன். நிர்மலா பிசைந்து தின்றுகொண்டிருக்கிறாள். எதிர் வீட்டு ராஜாம்பாள் பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள், துணியெல்லாம் நனைந்திருந்தது. பழைய கோபத்தை மறந்து வந்துவிட்டாள். நிர்மலா எழுந்திருக்கப் போனாள்.

"எச்சக்கையோட எந்திரிக்காதடி! தின்னுக்கினே சொல்லு, நான் கலக்குறேன்" என்றாள் ராஜாம்பாள்.

எச்சில் கையோடு சொம்பைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் உள்ள வழக்கம். அதில் மேல் கீழ் கிடையாது. ராஜாம்பாள் கலந்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், தானே ஊட்டினாள். நிர்மலா களி உருண்டையைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "இன்னாக்கா இருக்குது துன்றதுக்கு?" என்பதுதான்.

"ஏன்டீ, கவருமெண்டு உனக்குச் சோறு போடலியா?"

"போடுது. ஆனா உன் கொழம்பு போடல."

வீட்டுக்குள் உட்கார்ந்து, அவர்கள் தட்டில் வாங்கி, கை நிறையப் பிசைந்து தின்பாள். உன் வீட்டில் தின்கிறவள் உன்னைத் தள்ளி வைக்கிறாள் என்று எவள் சொல்ல முடியும்? கை எச்சிலாகிவிட்டதால், பாத்திரத்தை வீட்டுக்காரிதான் எடுத்தாக வேண்டும். நிர்மலா வாயால் சொல்ல, அவள் கலப்பாள். காலனியே கற்றுக்கொண்டது. நிர்மலாவும் உடம்பு பெருத்துப் போனாள். புள்ளைக்குப் பேதி வந்தா நிர்மலாவுக்கு விருந்துடி என்று கேலி பேசினார்கள்.

சாலம்மாள் மட்டும் தட்டு வைக்கவில்லை. ஆண் பிள்ளை பிறந்தது, தமிழ்வேந்தன் என்று பெயர் வைத்தார்கள். குப்புற விழுந்தான், தவழ ஆரம்பித்தான். மழைக்காலம் நெருங்கியது. நான் போய் அவள் வாசலில் உட்கார்ந்தேன்.

"பெரிம்மா, எந்திரிச்சிப் போ. அவளுக்காகப் பேச வராத."

"பேசலடி. குந்தினு இருக்கேன்."

"எம்மா நேரம் குந்தினு இருப்ப?"

"நீ அவளுக்கு ஒரு வாய் போடற வரிக்கும்."

பச்சமுத்து கழனிக்குப் போனான், திரும்பி வந்தான். நான் அங்கேயேதான் இருந்தேன். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். கடைசியில் சாலம்மாள் ஆத்திரத்தோடு, "வரச் சொல்லு. போடறேன்" என்றாள். பச்சை மிளகாயை உப்பு வைத்து நசுக்கி, களி தெரியாத அளவுக்கு மேலே அள்ளி வைத்தாள். நிர்மலா வந்தாள், தட்டைப் பார்த்தாள், உட்கார்ந்து தின்றாள். முகம் சிவந்து, கண்ணிலும் மூக்கிலும் கொட்டுகிறது. வழித்துத் தின்றுவிட்டு, "சாலா, உப்பு கம்மி" என்றாள்.

"மொதல்ல மூக்கச் சிந்துடி, கருமம்."

பிறகு சாலம்மாள் தானே சொம்பை எடுத்தாள். கலந்தாள். கண்ணீர் அளவு உப்பு என்று நிர்மலா சொன்னதும் அவள் கை நின்றுவிட்டது.

"எந்தக் கண்ணீரு? என் பொண்ணு போன அன்னிக்கி வந்ததா? இப்ப உனக்கு வருதே, இதா?"

"எல்லாம் ஒரே உப்புதான், சாலா."

பொட்டலத்தில் ஒரு முறை, வெல்லத்தில் ஒரு முறை. சாலம்மாள் சரியாகக் கலந்தாள். சிரிக்கவில்லை. ஆனால் தட்டை அவளே கழுவி வைத்தாள்.

இதற்கு அப்புறம்தான் தீனதயாளன் வந்தார். சென்னையிலிருந்து. மனிதர்கள் பழக்கத்தை எப்படி மாற்றுவது என்று ஆராய்ச்சி செய்கிறவராம். ஜீப், வெள்ளைச் சட்டை, கையில் அட்டை. ஊரிலும் காலனியிலும் பெண்களைக் கூப்பிட்டுக் கலக்கச் சொன்னார். எல்லோரும் சரியாகக் கலந்ததும் அசந்து போனார். மற்ற கிராமங்களில் பொட்டலம் கொடுத்தும் யாருக்கும் கலக்கத் தெரியவில்லையாம். எப்படி என்று கேட்டார். நிர்மலா ஒளிக்காமல் சொன்னாள். ஊரில் தொட விடாததைச் சொன்னாள், சாலம்மாள் பெண்ணைச் சொன்னாள், எச்சில் கையையும் சொன்னாள்.

முதல் விஷயத்துக்கு அவர் முகம் மலர்ந்தது. "பணியாளர் கையைக் கட்டிக்கொள்கிறார், தாய் தானே செய்கிறார். பிரமாதம்!" என்று எழுதிக்கொண்டார். எச்சில் கைக்கு வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா, சுத்தத்தைப் பத்திச் சொல்லிக்கொடுக்கற நீங்களே எச்சில் கையோட மருந்துப் பக்கத்துல உட்காரலாமா? அசிங்கமா இல்ல? அதை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

மாட்டுக்கொட்டகை ஓரம் நிற்க வைத்தது அவருக்கு அசிங்கமாகப் படவில்லை. ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து தின்றதுதான் அசிங்கம். நான் அங்கேயே காறித் துப்பினேன். வெற்றிலை போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

சங்கராபுரத்தில் கூட்டம் போட்டு, மற்ற ஊர்ப் பணியாளர்களுக்கு நிர்மலாவைக் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கூட்ட நாளும் வந்தது. நிர்மலா விடியற்காலை பஸ்ஸில் போனாள். அன்றைக்குத்தான் சாலை மறியல் தொடங்கியது. எண்பத்தேழாம் வருஷம். தங்கள் சாதிக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று ஊர்க்காரர்கள் போராட்டம். ரோட்டோரத்துப் புளியமரங்களை அடியோடு வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். அவர்கள் கேட்டதில் எனக்குச் சண்டை இல்லை. நாங்கள் காய்கிற வெயிலில்தான் அவர்களும் காய்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கும் ஆபீசில் நாற்காலி இல்லை. எங்களை ஒதுக்கிவைத்துவிட்டார்கள் என்று மைக்கில் கத்தினார்கள். வாய்க்கால் இந்தப் பக்கம் நின்று நாங்கள் கேட்டோம். எங்களை யார் ஒதுக்கிவைத்தார்கள் என்று மட்டும் அந்த மைக் சொல்லவில்லை.

பஸ் நின்றுபோனது. மத்தியானம் தமிழ்வேந்தனுக்குப் பேதி.

பச்சமுத்து பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு எப்படியாவது போய்விடலாம் என்று. மரத்துக்கு மரம் ஆட்கள், கையில் அரிவாள். அப்பால் கல்வீச்சு, போலீஸ் என்றார்கள். காலனிக்காரன் பிள்ளையோடு அந்தக் கூட்டத்தைத் தாண்டிப் போவானா? திரும்பி வந்தான். சாலம்மாள் என்னைப் பார்த்தாள்.

"பெரிம்மா, பொட்டலம் இல்ல."

"வெல்லம் இருக்குதா?"

"இருக்குது."

வேறெதுவும் நான் சொல்லவில்லை. அவளே தண்ணீரைக் காய்ச்சி ஆற்றினாள். மூன்று விரலால் உப்பைக் கிள்ளினாள், அதிகம் என்று தோன்றிக் கொஞ்சம் உதறினாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரண்டி கரண்டியாக விட்டாள். பிள்ளை வாந்தி எடுத்தான். இந்தத் தடவை அவள் சொம்பை ஓரம் வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்தாள், மறுபடி விட்டாள். பொழுது போய் விடிந்தது. பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. விட்டது வாயில் இறங்கியது, பின்னால் போய்க்கொண்டே இருந்தது. எல்லாத் துணியும் நாறியது. எங்கள் மேலெல்லாம் நாறியது. சாலம்மாள் கரண்டியை நிறுத்தவில்லை.

வெயில் ஏறியபோது நிர்மலா நடந்தே வந்து சேர்ந்தாள். முட்டியெல்லாம் சிராய்ப்பு, புடவை கிழிந்திருந்தது. பிள்ளையைப் பார்த்ததும் பாய்ந்து கரண்டிக்குக் கை நீட்டினாள்.

"வுடு. நானே பாத்துக்குறேன்" என்றாள் சாலம்மாள். "நீ உக்காரு. இன்னாடி இது, எங்க வுழுந்த?"

"மரத்துல. நம்ம ஊர் எல்லையில பெரிய மரமா சாச்சிருக்காங்க. மேல ஏற முடியல. அந்தாண்ட சின்னதுரை நின்னுக்கினு இருந்தாரு. கொஞ்சம் கை குடுங்கன்னேன்."

"குடுத்தானா?"

"கைல இருந்த தடிய நீட்னாரு. வழுக்கிக்கினு வுழுந்தேன்."

சின்னதுரை! எந்தப் பிள்ளைக்காக இவள் மாட்டுச் சாணி வாசத்தில் நின்று தொண்டை வறளப் பேசினாளோ, அந்தப் பிள்ளையின் அப்பன். வாய் திறந்து கெட்ட வார்த்தை சொன்னேன். அதை இங்கே சொல்ல வேண்டாம்.

"கூட்டம் இன்னா ஆச்சி?" என்று சாலம்மாள்தான் கேட்டாள், பிள்ளையின் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நிர்மலா சிரித்தாள். அது அவள் சிரிப்பு இல்லை. "தரையில சாக்பீஸால கோடு போட்டாங்க அத்தை. பணியாளருங்க எல்லாம் அந்தக் கோட்டுக்கு இந்தாண்ட கை கட்டிக்கினு நிக்கணும், எந்த வூட்டுலயும் பாத்திரத்தத் தொடக் கூடாது, அதான் இனிமே சட்டம்னாரு அந்தச் சென்னைக்காரரு. என்ன முன்னாடி நிக்க வெச்சி, இவங்க கண்டுபுடிச்ச முறைன்னாரு. நான் மைக்க வாங்கி, ஐயா, இது நான் கண்டுபுடிச்சது இல்லீங்க, எங்க சாதியத் தொட வுடாததால வந்ததுங்கன்னேன்."

"அதுக்கு?"

"மைக்க வாங்கிக்கினாரு. பாத்தீங்களா, அவமானத்தையே உத்தியா மாத்திட்டாங்கன்னாரு. எல்லாரும் கை தட்னாங்க அத்தை. தட்டிக்கினே இருந்தாங்க. கீழ எறங்கினப்புறம் எங்கிட்ட, காரணம் எதுவா இருந்தா என்னம்மா, பலன் நல்லதுதானேன்னாரு."

பலன் நல்லதுதான். ஊரில் பிள்ளைகள் பிழைத்தன, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பீயிலிருந்து ஒரு விதை முளைத்தால் செடியைப் பிடுங்கிக்கொண்டு போ. பீயையும் அள்ளித் தாம்பாளத்தில் வைத்து ஊர் ஊராகக் கொடுக்கிறானே, அவனை என்ன சொல்வது? அதற்குக் கை தட்டினவர்களை என்ன சொல்வது? இனிமேல் எந்தக் காலனியிலாவது ஒரு பெண் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பாள். உள்ளே இருக்கிறவள், நீயுமாடி என்று கேட்பாள். கதவைச் சாத்துவாள். அங்கே ஒரு பிள்ளை போகும். அது அவர் கணக்கில் வராது. அந்தத் துணிகளைவிட எனக்கு அதுதான் அதிகமாக நாறியது.

"வேலைய வுட்டுடலாமான்னு பாக்கறேன்" என்றாள் நிர்மலா.

"வுட்டுட்டு? கோட்டுக்கு அந்தாண்ட நிக்க எவளாவது வருவா" என்றேன். "நீ இரு. இருந்து, அந்தக் கோட்ட அழிச்சிக்கினே இரு."

பச்சமுத்து வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாலம்மாள் இன்னொரு கரண்டி விட்டாள். பிள்ளை சப்புக் கொட்டினான்.

திடீரென்று சாலம்மாள், "ஐயோ" என்றாள். எனக்கு உயிர் போய்விட்டது. பச்சமுத்து எழுந்து ஓடி வந்தான். அவள் மடியைக் காட்டினாள். பிள்ளை மூத்திரம் பெய்துகொண்டிருந்தான். மெல்லிசாக, மஞ்சளாக, அவள் புடவையிலிருந்து வழிந்து தரைக்கு இறங்கியது. முந்தின நாளிலிருந்து அவன் ஒரு சொட்டுப் பெய்யவில்லை.

"போவுதுடி, போவுது!" என்று நிர்மலா கத்தினாள். "தண்ணி உடம்புல நின்னுடுச்சி சாலா, நின்னுடுச்சி!"

சாலம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசைந்தால் நின்றுவிடுமோ என்று பயந்த மாதிரி. பிள்ளை கண்ணைத் திறந்து, எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அழ ஆரம்பித்தான். நல்ல சத்தமாக, வாய்க்கால் தாண்டிக் கேட்கிற மாதிரி.